ஓடும் வீடு உறுமினால்... 50 வயது மோட்டார்ஹோமின் சைலன்சர் சொல்லும் பாடம்!

பழைய வண்டியின் சத்தத்தைக் குறைக்க உடனே புது சைலன்சர் வாங்க வேண்டுமா? அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அதில் ஒன்று உயிர் சம்பந்தப்பட்டது.

சமையலறை உண்டு. ஃப்ரிட்ஜ் உண்டு. குளிக்க இடம், படுக்கக் கட்டில், சாப்பிட மேஜை எல்லாம் உண்டு. கூடவே 6 சக்கரங்களும் 7.5 லிட்டர் எஞ்சினும் உண்டு. சாவியைத் திருகினால் வீடே கிளம்பிவிடும். ஆனால், சைலன்சர் தளர்ந்துபோன வண்டியாக இருந்தால் ஒரு சிக்கல். ஸ்டீயரிங் பிடிப்பவர் பேசுவது பக்கத்து சீட்டில் இருப்பவருக்கே கேட்காது!

அமெரிக்காவில் 1970-களில் தயாரான 'ஜி.எம்.சி மோட்டார்ஹோம்' பற்றித்தான் சொல்கிறோம். மோட்டார்ஹோம் என்றால் என்ன என்று யோசிப்பவர்கள், ஷூட்டிங் ஸ்பாட்டில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் கேரவனை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியொரு வண்டியைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, விடுமுறை விட்டதும் குழந்தை குட்டிகளோடு ஊர் ஊராகச் சுற்றுவது அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பல தலைமுறைப் பழக்கம்.

அந்த வண்டிகளில் இந்த ஜி.எம்.சி-க்குத் தனி மவுசு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973 முதல் 1978 வரைதான் இதைத் தயாரித்தது. மொத்தமே சுமார் 13,000 வண்டிகள். 23 அடி, 26 அடி என இரண்டு நீளங்களில் வந்தன. 1981-ல் வெளியான 'ஸ்ட்ரைப்ஸ்' என்ற ஹாலிவுட் காமெடிப் படத்தில், ராணுவத்தின் ரகசிய வாகனமாக வேஷம் கட்டியதும் இந்த வண்டிதான். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தந்தாலே பெரிது என்ற நிலையிலும், இன்றைக்கும் பலர் இதைப் பாசத்தோடு பராமரித்து ஓட்டுகிறார்கள்.

எஞ்சின் காலடியில்!

நம் ஊர் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மூடி இருக்குமே, அதன்மேல் உட்கார்ந்து பயணம் செய்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஜி.எம்.சி மோட்டார்ஹோமிலும் எஞ்சின் முன்பக்கம்தான். டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே, தரையில் இருக்கும் மூடியைத் திறந்தால் எஞ்சின் தெரியும். அதாவது, சத்தம் பிறக்கும் இடத்துக்கும் காதுக்கும் நடுவே இருப்பது ஒரு பலகை அளவு தூரம்தான்.

அந்த எஞ்சினும் சாதாரணமானதல்ல. ஓல்ட்ஸ்மொபைல் காரிலிருந்து எடுத்த 455 கன அங்குல வி8. லிட்டர் கணக்கில் சொன்னால் 7.5. நம் ஊர் சின்ன கார்களின் எஞ்சின் 1 லிட்டர் அளவுதான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். பிற்பாடு வந்த வண்டிகளில் இது 6.6 லிட்டராகக் குறைந்தது.

இது முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டி. பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட ஷாஃப்ட் கிடையாது. அதனால் தரையைத் தாழ்வாக அமைத்துவிட்டார்கள். ஏறி இறங்கச் சுலபம், நிமிர்ந்து நடக்கலாம். ஆனால், புகைக்குழாய் அந்தத் தாழ்வான தரைக்கு அடியில்தான் பின்பக்கம் வரை போக வேண்டும். வீட்டின் நடுக்கூடத்துக்குக் கீழேயே புகைக்குழாய் என்றால் எப்படி இருக்கும்?

ஒரு விநாடிக்கு 167 வெடி

எஞ்சினுக்குள் நடப்பது சின்னச் சின்ன வெடிகள்தான். 8 சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் 4 சிலிண்டர்கள் வெடிக்கும். நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 10,000 வெடிகள். விநாடிக்குச் சுமார் 167. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் சூடான புகை அழுத்தத்தோடு குழாய்க்குள் பாய்கிறது. அந்த அழுத்த அலைதான் நம் காதில் விழும் உறுமல்.

விநாடிக்கு 167 என்பது கனத்த, தாழ்ந்த ஒலி. மெல்லிய பலகையும் பஞ்சும் இதைத் தடுக்காது. பக்கத்துத் தெருத் திருவிழாவில் பாட்டு சரியாகக் கேட்காவிட்டாலும் 'கும் கும்' மட்டும் நம் வீட்டு ஜன்னலை அதிரவைப்பது இதனால்தான். போதாக்குறைக்கு, மோட்டார்ஹோம் என்பது உள்ளே காலியாக இருக்கும் நீளமான பெட்டி. குடத்துக்குள் வாய் வைத்துப் பேசினால் குரல் பெருகுவதுபோல, சில குறிப்பிட்ட வேகங்களில் மட்டும் உறுமல் பல மடங்காகும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலோ குறைத்தாலோ அடங்கிவிடும். இந்த 'ம்ம்ம்' என்ற ரீங்காரம்தான் நீண்ட பயணத்தில் தலைவலி கொடுப்பது.

சத்தத்தில் நான்கு ஜாதி

'வண்டி சத்தம் போடுது, சைலன்சரை மாத்து' என்பதுதான் பலரும் எடுக்கும் முதல் முடிவு. காசும் போய், சத்தமும் போகாமல் திரும்பி வருவதும் அதனால்தான். முதலில் எந்தச் சத்தம் என்று பிரிக்க வேண்டும்.

1. டிக் டிக்: காலையில் ஸ்டார்ட் செய்ததும் வேகமாகக் கேட்கும். வண்டி சூடானதும் குறையும். எஞ்சினோடு ஒட்டியிருக்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் விரிசல் விட்டிருக்கலாம், கேஸ்கெட் போயிருக்கலாம், போல்ட் உடைந்திருக்கலாம். இரும்பு சூட்டில் விரிவடைந்து இடைவெளியை மூடிக்கொள்வதால்தான் சத்தம் குறைகிறது. கோளாறு அப்படியேதான் இருக்கிறது.

2. புஸ் புஸ்: குழாய்கள் இணையும் இடத்தில் கசிவு. அங்கே கறுப்பாகக் கரி படிந்திருக்கும். இதுவே நல்ல தடயம்.

3. கடகட: தளர்ந்த கிளாம்ப், அறுந்த ஹேங்கர் ரப்பர், சைலன்சருக்குள்ளேயே கழன்று கிடக்கும் தகடு. சைலன்சர் ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால் உள்ளே தகடு ஆடுவது கேட்டுவிடும்.

4. ஹோ என்ற இரைச்சல்: மேடு ஏறும்போது புயல்போலக் கிளம்பி, கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும். இது பெரும்பாலும் புகைக்குழாயே அல்ல. ரேடியேட்டர் ஃபேன்! எஞ்சின் சூடானதும் ஃபேன் கிளட்ச் பிடித்துக்கொண்டு முழுவேகத்தில் சுழல்கிறது. இதற்காகச் சைலன்சரை மாற்றினால் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சின் ஆறி இருக்கும்போது, காற்றை வெளியே ஊதும் வசதியுள்ள வேக்குவம் கிளீனரை வால்குழாயில் பொருத்தி ஊதவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினால், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கும் அதே வித்தைதான்.

ஓர் எச்சரிக்கை. ஜி.எம்.சி-யின் பின்பக்கம் காற்றுப்பைகள்மீது நிற்கிறது. பையில் காற்று இறங்கினால் மொத்த வண்டியும் இறங்கும். ஆகவே, உறுதியான ஸ்டாண்டுகள்மீது சேஸிஸைத் தாங்கவைக்காமல் அடியில் படுக்கவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்புவதும் ஆபத்து.

சத்தத்தோடு உள்ளே வரும் விஷம்

இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் வெளியேறும் ஓட்டை வழியாகப் புகையும் வெளியேறும்.

பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். பயணக் களைப்பு என்றுதான் தோன்றும். தூங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த அறிகுறிகூடத் தெரியாது. மயக்கம் அப்படியே மரணமாகலாம்.

காரில் இது ஆபத்து என்றால், மோட்டார்ஹோமில் இரட்டிப்பு ஆபத்து. ஏனென்றால், இங்கே அப்பா ஓட்டிக்கொண்டிருக்க, பின்கட்டிலில் யாராவது கண் அயர்ந்திருக்கலாம். இரவில் வண்டியை நிறுத்திவிட்டு மொத்தக் குடும்பமும் அதிலேயே தூங்கும். பல ஜி.எம்.சி வண்டிகளில் மின்சாரத்துக்காகத் தனி ஜெனரேட்டரும் உண்டு. அதற்கும் தனி எஞ்சின், தனிப் புகைக்குழாய்.

இது எங்கோ அமெரிக்காவில் மட்டும் நடக்கும் சங்கதி அல்ல. 2024 டிசம்பரில் கேரள மாநிலம் வடகரையில், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்ஸைடுதான் காரணம் என்று தெரியவந்தது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தட்டையான பின்பக்கம் கொண்ட வண்டி ஓடும்போது, அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். அந்தச் சுழலில் புகை திரும்பி வந்து வண்டியின் பின்பக்கத்திலேயே மோதும். பின் ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே வந்துவிடும். அதனால்தான் வால்குழாய் வண்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும் என்கிறார்கள். செலவை மிச்சம் பிடிக்க, சைலன்சருக்குப் பிறகு குழாயை வெட்டி, தரைக்கு அடியிலேயே முடித்துவிடுவது சத்தத்துக்கும் கேடு, உயிருக்கும் கேடு.

1970-களின் வண்டிகளில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் பொதுவாக இருக்காது. கட்டிலுக்கு அருகே ஒன்று பொருத்திவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும்.

சைலன்சருக்குள் என்ன இருக்கிறது?

நாம் சைலன்சர் என்பதை அமெரிக்கர்கள் 'மஃப்ளர்' என்பார்கள். ஆம், மார்கழிக் குளிருக்குக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறோமே, அதே வார்த்தை! அமெரிக்காவில் 1897-லேயே ரீவ்ஸ் சகோதரர்கள் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அடிப்படை இன்றும் பெரிதாக மாறவில்லை.

ஒரு வகையில், உள்ளே அறைகளும் ஓட்டை போட்ட குழாய்களும் இருக்கும். ஒலி அலைகள் சுவர்களில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலைகளோடு முட்டி ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். தாழ்ந்த உறுமலை அடக்க இதுதான் கெட்டி. இன்னொரு வகையில், நேராகப் போகும் குழாயைச் சுற்றி கண்ணாடி இழைப் பஞ்சு இருக்கும். கீச்சு ஒலிகளை இது உறிஞ்சும். ஆனால், உறுமலை அவ்வளவாகத் தொடாது. ரேஸ் கார் போலக் கம்பீரமாகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டு இந்த நேர்க்குழாய் வகையைப் பொருத்தியவர்கள்தான், 300 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள்.

எளிய விதி: பெரிய எஞ்சினுக்குப் பெரிய சைலன்சர். உள்ளே கொள்ளளவு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அமைதி. அதற்காகப் புகை போகும் வழியை ரொம்பவும் நெருக்கினால், எஞ்சின் மூச்சு முட்டிச் சூடாகும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, மெல்லிய குழாய்களால் ஆன ஹெடர்களை மாட்டுவதும் ஒரு ஃபேஷன். சக்தி கொஞ்சம் கூடலாம். ஆனால், கனமான வார்ப்பிரும்பு தானே அமுக்கிவைக்கும் சத்தத்தை மெல்லிய குழாய் அமுக்காது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய் போட்டாலும், நடுவில் ஓர் இணைப்புக் குழாய் இருந்தால் உறுமல் சீராகும்.

ஒரு முட்டுக்குழாய் தந்திரம்

எல்லாக் கசிவையும் அடைத்தாயிற்று, நல்ல சைலன்சரும் போட்டாயிற்று. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ரீங்காரம் போகவில்லையா? அதற்கும் வழி உண்டு.

புகைக்குழாயின் ஓரத்தில், மறுமுனை அடைக்கப்பட்ட ஒரு கிளைக்குழாயைப் பற்றவைக்கிறார்கள். உள்ளே நுழையும் ஒலி அலை, அடைத்த முனையில் மோதித் திரும்பி வரும்போது, எதிர் அலையாக மாறி ஒரிஜினல் அலையை அணைத்துவிடும். இதற்குக் குழாயின் நீளம் அலைநீளத்தில் கால்வாசி இருக்க வேண்டும். சுமார் 350 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒலி விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் போகும். நாம் பார்த்த 167-ஆல் வகுத்தால் அலைநீளம் 3 மீட்டர். கால்வாசி என்றால் 75 சென்டிமீட்டர். எந்த வேகத்தில் ரீங்காரம் வருகிறது என்று தெரிந்தால், பள்ளிக்கூடக் கணக்கிலேயே நீளம் கிடைத்துவிடும். ஆனால், இது அந்த ஒரு சுருதியை மட்டும்தான் அடக்கும்.

மூடியின் விளிம்பில் கோட்டை விடாதீர்கள்

அடுத்து வண்டிக்குள். எஞ்சின் மூடிக்கு அடியில் கனமான தடுப்புப் படலமும், தீப்பிடிக்காத ஒலித்தடுப்புப் பொருளும் ஒட்டினால் நல்ல பலன் கிடைக்கும். ஆனால், முக்கியமானது சுற்றிலும் வரும் ரப்பர் பீடிங்தான். மூடியின் பரப்பில் 100-ல் ஒரு பங்கு இடைவெளி இருந்தால் போதும், எவ்வளவு கனமான மூடி போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் சத்தம் குறையாது. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்த கதைதான். இந்த ரப்பர் நன்றாக இருந்தால் புகையும் உள்ளே வராது. ஒரே வேலையில் இரண்டு பலன்.

குழாயைத் தாங்கும் ஹேங்கர்களிலும் ரப்பர் இருக்க வேண்டும். 'கெட்டியாக இருக்கட்டும்' என்று சேஸிஸோடு வெல்டிங் வைத்துவிட்டால், குழாயின் அதிர்வெல்லாம் வண்டியின் எலும்புக்கூடு வழியாக உள்ளே இறங்கிவிடும். அதே சமயம், குழாய் எதன்மீதும் உரசக் கூடாது. இந்த வண்டிக்கு அடியில் இரண்டு பெட்ரோல் டேங்குகள், காற்றுப்பைக்குப் போகும் டியூப்கள், மேலே பிளைவுட் தரை. சூடான குழாய் இவற்றிலிருந்து தள்ளியே போக வேண்டும். நெருக்கமான இடங்களில் வெப்பத் தகடு அவசியம்.

புதுசு ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறது?

1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால், கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது என்றால் நம்புவீர்களா? உண்மை. நீண்ட தூரம் ஓட்டினால் சைலன்சர் சூடாகி, ஆவி வெளியே போய்விடும். மாதம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து, 5 நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். பழைய வண்டிகள் ஓடியதைவிட நின்றதில்தான் அதிகம் கெடுகின்றன. சாதாரண இரும்புக்குப் பதில் அலுமினியப் பூச்சுள்ள எஃகு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் ஆயுள் கூடும்.

சில சைலன்சர்களின் அடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே போட்டது. ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்.

'இவ்வளவு செய்தும் குறையவில்லையே?'

இங்கே பலரும் மனம் தளர்ந்துவிடுவார்கள். அதற்குக் காரணம் நம் காது. ஒரே அளவு சத்தத்தில் இரண்டு தவில்கள் ஒலிக்கின்றன. ஒன்று நின்றுவிட்டது. சத்தம் பாதியாகிவிடும் என்றுதானே நினைப்போம்? ஒலியின் ஆற்றல் பாதியாகும். ஆனால், டெசிபல் கணக்கில் 3 மட்டுமே குறையும். காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பாதியாகக் குறைந்ததுபோலத் தோன்ற சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். அதனால், பெரிய சத்தத்தை முதலில் பிடித்து, ஒவ்வொன்றாக அடக்கிக்கொண்டே வர வேண்டும்.

ஆனால், அந்த 3 டெசிபலும் வீண் அல்ல. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. 88 டெசிபல் என்றால் 4 மணி நேரம். 91 என்றால் 2 மணி நேரம்தான். நாள் முழுக்க ஓட்டுபவர்களுக்கு 3 டெசிபல் குறைந்தால், காது தாங்கும் நேரம் இரட்டிப்பாகிறது என்று அர்த்தம்.

மொபைல் ஆப்பில் அளந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வழக்கமான டெசிபல் அளவீடு தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே காட்டும். எண் குறைவாக இருந்தும் தலை வலித்தால், தலையை நம்புங்கள்!

எந்த வேலை முதலில்?

* படுக்கைக்கு அருகே கார்பன் மோனாக்ஸைடு அலாரம்.
* சத்தம் எந்த வகை என்று பிரித்தறிதல்.
* மேனிஃபோல்டு, கேஸ்கெட், இணைப்புகளில் கசிவை அடைத்தல்.
* ஹேங்கர் ரப்பர்களை மாற்றுதல், உரசல்களை நீக்குதல்.
* தேவைப்பட்டால் பெரிய, அறைகள் கொண்ட சைலன்சர். வால்குழாய் விளிம்பைத் தாண்டி நீள வேண்டும்.
* எஞ்சின் மூடியின் ரப்பர் பீடிங், ஒலித்தடுப்பு.
* மிச்சமிருக்கும் ரீங்காரத்துக்கு மட்டும் முட்டுக்குழாய்.

இந்த வரிசையில் கடைசிப் படிகளை முதலில் செய்வதுதான் ஆபத்து. மேனிஃபோல்டில் கசிவு இருக்கும்போதே உள்ளே ஒலித்தடுப்பு ஒட்டிவிட்டால், 'டிக் டிக்' நின்றதுபோலத் தோன்றும். புகை நிற்காது. குழந்தைக்கு ஏன் காய்ச்சல் என்று பார்க்காமல், அழுகையை மட்டும் நிறுத்துவதுபோலத்தான் அது.

நம்மில் பெரும்பாலானோரிடம் மோட்டார்ஹோம் இல்லாமல் இருக்கலாம். ஆனால், வீட்டு வாசலில் பழைய கார் நிற்கலாம், ஆம்னி வேன் நிற்கலாம். திடீரென்று அதன் சத்தம் மாறினால், 'வயசாயிடுச்சு, அப்படித்தான் கத்தும்' என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் மெக்கானிக்கிடம் புகைக்குழாய்க் கசிவைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை நிறுத்திவிட்டு, எஞ்சினையும் ஏ.சி-யையும் ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கும் பழக்கம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.